ஸ்மார்ட் பாட்டிலின் மூளையை எங்கே வைப்பது?

குடிக்கிற தண்ணீரைக் கணக்குவைத்து, நேரம் தவறினால் விளக்கு எரிந்து நினைவூட்டி, போனுக்கும் தகவல் அனுப்பும் பாட்டில்கள் நிறைய வந்துவிட்டன. இவற்றை வடிவமைக்க உட்காரும் குழுக்கள் சுற்றுச்சூழல் என்று பேச ஆரம்பித்ததும், பேச்சு பெரும்பாலும் பாட்டிலை எதில் செய்வது என்பதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஸ்டீலா, கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, மூடிக்கு மூங்கிலா? கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. சென்சாரும் பேட்டரியும் பாட்டிலின் எந்த இடத்தில் உட்காரப் போகின்றன என்பதுதான் முதலில் முடிவாக வேண்டும்.

ஏனென்றால் சென்சார் சேர்ந்த உடனேயே பாட்டில் இரண்டு பொருளாகிவிடுகிறது. ஒன்று பாத்திரம், கீழே விழுந்து நசுங்கினாலும் இருபது வருஷம் தாங்கும். இன்னொன்று மின்னணுச் சாதனம். நாலைந்து வருஷத்தில் பேட்டரி ஓய்ந்தோ, ஆப் நின்றுபோயோ செத்துவிடும். இரண்டையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவைத்தால், ஆயுள் குறைந்தது ஆயுள் நீண்டதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கால் கிலோ நல்ல ஸ்டீல், சில கிராம் பேட்டரியோடு சேர்ந்து குப்பைக்குப் போவது இப்படித்தான்.

கைவசம் இருக்கும் வழிகள் நான்கு. எல்லாவற்றையும் பாட்டிலின் உடம்புக்குள்ளேயே வைத்து நிரந்தரமாக மூடிவிடலாம். மூடியில் வைக்கலாம். அடியில் மாட்டிக் கழற்றக்கூடிய தனித் தட்டில் வைக்கலாம். அல்லது மின்னணுவே வேண்டாம் என்று விட்டுவிடலாம். கடைசியில் சொன்னது ஸ்மார்ட் பாட்டிலே இல்லையே என்று தோன்றலாம். ஆனால் அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால், மற்ற மூன்றிலும் நாம் கொடுக்கும் விலைக்கு என்ன கிடைக்கிறது என்பதே தெரியாது.

எதை வைத்து ஒப்பிடுவது

ஒரு பொருளின் சுற்றுச்சூழல் பாதிப்பை மூலப்பொருள் தோண்டுவதிலிருந்து கடைசிக் கழிவு வரை கணக்கிடுவதற்கு ஐ.எஸ்.ஓ. 14040, 14044 என்று இரண்டு சர்வதேசத் தரநிலைகள் உள்ளன. எந்தப் பயனுக்காக ஒப்பிடுகிறோம் என்பதை முதலிலேயே வரையறுக்கச் சொல்கின்றன அவை. ஒரு பாட்டிலுக்கு ஒரு பாட்டில் என்று நிறுத்திப் பார்த்தால், எடை குறைந்த பிளாஸ்டிக்கே பெரும்பாலும் ஜெயிக்கும். ‘ஒருவர் பத்து வருஷம் தண்ணீர் குடிக்க எத்தனை பாட்டில் ஆகும்’ என்று கேட்டால் விடையே மாறிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பாட்டில், தன் பாதிப்பை ஐந்தால் பெருக்கிக்கொண்டுதான் போட்டிக்கு வரும்.

இன்னொரு கணக்கையும் இங்கேயே போட்டுவிடலாம். ஸ்மார்ட் பாட்டில் என்றதும், சார்ஜ் போட மின்சாரம் செலவாகுமே என்ற கவலை பலருக்கு வருகிறது. 500 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு கொண்ட லித்தியம் பேட்டரியில் அடங்குவது சுமார் 1.85 வாட் மணி. வாரம் ஒருமுறை முழுதாக ஏற்றினாலும் வருஷத்துக்கு 100 வாட் மணி தாண்டாது. ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அப்புறம் கழுவும் கணக்கைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க 0.04 யூனிட் வேண்டும். தினமும் ஒரு லிட்டர் சுடுநீரில் கழுவினால் வருஷத்துக்கு 15 யூனிட் ஆகிறது. சார்ஜ் செலவைப் போல ஏறக்குறைய 150 மடங்கு.

அதனால், வீட்டுக்கு வந்தபின் ஒரு பாட்டில் தின்னும் ஆற்றலைத் தீர்மானிப்பது அதன் பேட்டரியைவிட அதன் இடுக்குகள்தான். வாய் அகலமாக இருந்து, பிரஷ் உள்ளே போய், ரப்பர் வளையம் கையாலேயே கழன்று வந்தால் பச்சைத் தண்ணீரும் சோப்பும் போதும். நாற்றம் போகாத இடுக்கு ஒன்று இருந்தால் ஆள் சுடுநீரைத் தேடுவார். அதற்கும் மசியாவிட்டால் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுவார். மின்னணுவை எங்கே வைத்தாலும் கழுவுவதற்கு அது தடையாக இருக்கக் கூடாது. நான்கு வழிகளையும் நான் முதலில் அளப்பது இதை வைத்துத்தான்.

இரண்டாவது அளவுகோல், மின்னணுப் பகுதி எவ்வளவு சிறியது, எவ்வளவு நாள் உழைக்கும் என்பது. இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதனத்தின் பாதிப்பில் பெரும்பகுதி சிப்பும் சர்க்யூட் போர்டும் தயாராகும்போதே நடந்து முடிந்துவிடுகிறது. வாங்கியபின் மின்சாரத்தை மிச்சம் பிடித்து அதை ஈடுகட்ட வழியில்லை. நீண்ட நாள் பயன்படுத்தினால்தான் உண்டு.

உடம்புக்குள்ளேயே வைத்து மூடினால்

தயாரிப்பவருக்கு இதில் வசதி அதிகம். சர்க்யூட் போர்டை அடிப்பாகத்துக்குள் இறக்கி, மேலே எப்பாக்ஸி என்ற பிசினை ஊற்றி இறுகவிட்டால் தண்ணீர் புக வழியே இல்லை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்க வேண்டும் என்கிற ஐ.பி.எக்ஸ்.7 சோதனையில் சுலபமாகத் தேறிவிடும். திருகாணி இல்லை, வாஷர் இல்லை, பார்க்கவும் வழவழப்பாக அழகாக இருக்கும். வாங்குபவருக்கும் தொலைந்துபோக உதிரி எதுவும் இல்லை என்ற நிம்மதி உண்டு.

தண்ணீரைத் தடுக்கும் அதே எப்பாக்ஸி, பழுதுபார்ப்பவரையும் மறுசுழற்சி செய்பவரையும் சேர்த்தே தடுக்கிறது. இப்படி மூடிய அடிப்பாகத்தை நெம்பித் திறந்தால் போர்டிலுள்ள உதிரிகள் எப்பாக்ஸியோடு பெயர்ந்து வரும். உள்ளே இருப்பது பெரும்பாலும் மெல்லிய உறையில் அடைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி. அந்த உறை கிழிந்தால் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால், விஷயம் தெரிந்தவர் யாரும் அதை உளியும் சுத்தியலும் வைத்து எடுக்கத் துணிய மாட்டார். அதனால் முழுப் பாட்டிலும் அப்படியே கழிவுக்குப் போகும். அங்கே மற்ற உலோகங்களோடு அரவை இயந்திரத்துக்குள் விழுந்தால் உள்ளிருக்கும் பேட்டரி நசுங்கிப் பற்றிக்கொள்ளும். கழிவு நிலையங்களில் லித்தியம் பேட்டரிகளால் வரும் தீ இன்று உலகம் முழுக்க இருக்கும் தலைவலி.

பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்று கேட்டால், 500 முறை ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்கிற மாதிரி பதில் கிடைக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் செய்யும் பாட்டிலுக்கு 500 முறை என்பது 13 வருஷத்துக்கும் மேல். ஆனால் லித்தியம் அயான் பேட்டரிக்குச் சும்மா இருந்தாலும் வயதாகும் என்பது இந்தக் கணக்கில் வராது. முழு சார்ஜோடு வெப்பத்தில் கிடந்தால் வேகமாகத் தேயும். வடிந்த நிலையில் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்தால், மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கிவிடும்; அதன்பிறகு பேட்டரியின் பாதுகாப்புச் சர்க்யூட் அதை மறுபடி ஏற்ற விடாது. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் கிடப்பதும், வேறொரு பாட்டில் கைக்கு வந்ததும் அலமாரியில் மறந்துபோவதும்தான் தண்ணீர் பாட்டிலின் வாழ்க்கை.

சட்டமும் இந்த வழிக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023/1542 எண் பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் சிறு சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்க வேண்டும். அந்த மாடலின் கடைசிச் சாதனம் சந்தைக்கு வந்தபின் குறைந்தது ஐந்து வருஷம் மாற்று பேட்டரி கிடைக்க வேண்டும். தண்ணீர் தெறிக்கும் சூழலில் முக்கியமாக இயங்குபவை, கழுவக்கூடியவை என்ற வகைக்கு ஒரு விலக்கு உண்டு: அவற்றில் தொழில்முறைப் பழுதுபார்ப்பவர் மட்டும் மாற்றும்படி வைத்தால் போதும். பாட்டிலையும் இந்த விலக்குக்குள் நுழைத்துவிடலாம் என்று ஒரு குழு நினைக்கலாம். அப்படியே நுழைத்தாலும், யாரோ ஒருவரால் மாற்ற முடிந்தே ஆக வேண்டும். எப்பாக்ஸி ஊற்றிய அடிப்பாகத்தில் அதற்கும் வழியில்லை.

2022-இல் உலகம் உண்டாக்கிய மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம்தான் என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024 மின்னணுக் கழிவு அறிக்கை சொல்கிறது. எஞ்சியதில் எளிதாக நழுவிப்போவது சின்னச் சின்னச் சாதனங்கள். பாட்டிலைப் பார்த்தால் பாட்டில் மாதிரிதான் இருக்கும். அதற்குள் பேட்டரி இருக்கிறது என்று குப்பை பிரிப்பவருக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு காரணத்துக்காகவே முதல் வழியை நான் தள்ளிவிடுவேன்.

ஒன்றுமே வைக்காவிட்டால்

பக்கவாட்டில் அளவுக்கோடு, எத்தனை முறை நிரப்பினோம் என்று திருப்பிவைக்க மூடியில் ஒரு வளையம், போனில் ஏற்கெனவே இருக்கும் அலாரம். நிறையப் பேருக்கு இது போதும். பாதிப்பு என்று பார்த்தால் இதற்குக் கிட்டே எதுவும் வர முடியாது. தாகம் ஒழுங்காக எடுக்கும், நினைத்தபோது எழுந்துபோய்த் தண்ணீர் குடிக்க முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் சொல்லும் முடிவு இதுதான்.

போதாதவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாளுக்குக் குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. நாள்தோறும் அந்த அளவை எட்டுவது பலருக்கு முடிவதில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதியில் நடந்த ‘புஷ்’ என்ற ஆய்வில் இவர்களுக்கு ஸ்மார்ட் பாட்டில் கொடுத்ததே அதனால்தான். வயதானவர்களுக்குத் தாக உணர்வு குறைந்துவிடும். அவர்கள் எவ்வளவு குடித்தார்கள் என்பதைப் பார்த்துக்கொள்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். இவர்களுக்காகவே ஸ்மார்ட் பாட்டிலை ஒழுங்காக வடிவமைப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

மூடியில் வைத்தால்

மூடிக்கு ஒரு பெரிய பலம் உண்டு. ஸ்டீல் உடம்பு ரேடியோ அலையை மறைக்கும். பிளாஸ்டிக் மூடி மறைக்காது. அதனால் புளூடூத் ஆன்டெனாவுக்கு மூடி நல்ல இடம். மரை அளவு பொதுவானதாக இருந்தால் பாட்டில் உடைந்தாலும் மூடியை வேறொன்றில் திருகிக்கொள்ளலாம். அகல வாய்ப் பாட்டில்களில் பரவலாக இருக்கும் 63 மில்லிமீட்டர் மரையை எடுத்துக்கொண்டு, நம் நிறுவனத்துக்கு மட்டும் தனி அளவு என்று போகாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆனால் பாட்டிலில் அதிகம் அடிவாங்கும் பகுதி மூடிதான். கைதவறி விழுவதும் அதுவே, வாய் படுவதும் அதுவே, ரப்பர் வளையத்துக்கு அடியில் வழவழவென்று அழுக்குப் படிவதும் அங்கேதான். ஊறவைத்துத் தேய்க்க வேண்டிய இடத்தில் பேட்டரியை வைத்தால் ஜனங்கள் தேய்க்கப் பயப்படுவார்கள். தண்ணீர் மட்டத்தை மூடியிலிருந்து ஒளியால் அளக்கும் சென்சாருக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது: வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியதும் அதன் கண்ணாடியில் நீராவி படிந்து அளவு தப்பும். ஆடிக்கொண்டே இருக்கும் தண்ணீரை அளப்பதும் சிரமம்தான்.

மூடியைத் தவிர வேறிடமே இல்லாத ஒரு வசதி, புற ஊதாக் கதிரால் கிருமி நீக்குவது. சுமார் 265 நானோமீட்டர் அலைநீளக் கதிரை நுண்ணுயிர்களின் டி.என்.ஏ. நன்றாக உறிஞ்சும், உறிஞ்சியதும் டி.என்.ஏ. சேதமாகி அவற்றால் பெருக முடியாமல் போகும். 254 நானோமீட்டரில் ஒளிரும் பழைய விளக்குகளில் பாதரசம் உண்டு. இப்போதைய எல்.இ.டி.களில் அது இல்லை. மனதார வரவேற்க வேண்டிய முன்னேற்றம் இது.

ஆனாலும் இந்த எல்.இ.டி.கள் உள்ளே வாங்கும் மின்சாரத்தில் சில சதவீதத்தைத்தான் கதிராக்கும், மீதி வெப்பமாகிவிடும். விளக்கு ஒரு வாட் இழுக்கிறது, ஒருமுறைக்கு ஒரு நிமிடம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எரிகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 54 மில்லி ஆம்பியர் மணி ஆகிவிடும். தண்ணீரை எண்ண மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மில்லி ஆம்பியர் மணிகூட ஆகாது. அவ்வளவு வித்தியாசம் இருப்பதால் பெரிய லித்தியம் பேட்டரி, சார்ஜ் துளை, வெப்பம் வெளியேற வழி, மூடி திறந்திருக்கும்போது கண்ணில் படாமல் அணைக்கும் பாதுகாப்பு என்று ஒவ்வொன்றாக வந்து சேரும். சாதாரண பாலிப்ரொப்பிலீன் போன்ற பிளாஸ்டிக்குகள் இந்தக் கதிரில் நாளடைவில் சிதையும் என்பதால் உடம்பும் ஸ்டீலாக இருந்தாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் உப்பு, ஈயம், ஆர்சனிக், பூச்சிமருந்து எதையும் அது நீக்காது; கலங்கல் தண்ணீரில் துகள்களின் நிழலில் கிருமி தப்பிவிடும். ஏற்கெனவே சுத்திகரித்த தண்ணீர் கிடைக்கும் இடத்தில் இதற்கு வேலையே இல்லை. கிருமி இருக்கலாம் என்ற சந்தேகமுள்ள தெளிந்த தண்ணீரை அடிக்கடி நம்ப வேண்டியவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

அடித்தட்டில் வைத்தால்

நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். பாட்டிலின் அடியில் மாட்டும் வட்டமான தட்டு; அதற்குள் எடை அளக்கும் சென்சார், சின்னப் போர்டு, பேட்டரி. தண்ணீரை அது தொடுவதே இல்லை. பாட்டிலை வைக்கும்போது எடை பார்க்கும். எடுத்துக் குடித்துவிட்டுத் திரும்ப வைத்தால் குறைந்த எடைதான் குடித்த தண்ணீர். ஒரு மில்லி தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் கணக்கும் நேர்க்கணக்கு. கழுவும்போது தட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டால் மீதமிருப்பது வெறும் பாத்திரம். அதை எப்படி வேண்டுமானாலும் தேய்க்கலாம். உடம்பு ஸ்டீலோ கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, தட்டுக்குக் கவலை இல்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். சமமான இடத்தில் வைத்தால்தான் அளக்கும். ஓடும் வண்டியிலும், தோளில் தொங்கும் பையிலும் கண்ணை மூடிக்கொள்ளும். நீங்கள் செடிக்கு ஊற்றினாலும் குடித்ததாகத்தான் எழுதிக்கொள்ளும். நாள் முழுக்க நடையும் ஓட்டமுமாக இருப்பவருக்கு இந்தத் தட்டு சரிப்படாது. மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர், படுக்கையருகே பாட்டில் வைத்திருக்கும் நோயாளி, முதியவர்—இவர்களுக்குப் பொருந்தும். முன்னே சொன்ன தேவை இருப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான்.

இந்த வழியின் வெற்றி தோல்வி ஒரு சின்ன இடத்தில் இருக்கிறது: பாட்டிலின் அடிக்கும் தட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய இடைவெளி. குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் வியர்த்து, துளித்துளியாக வழிந்து அங்கேதான் இறங்கும். வெளியேற வழியில்லாவிட்டால் சில வாரங்களில் வளையம் வளையமாகக் கறுப்புப் பூஞ்சை படரும். சிலிக்கோன் உறையை இறுக்கமாகப் போர்த்தி, அதற்குள் தட்டைச் செருகும் வடிவமைப்புகளில் இது கட்டாயம் நடக்கும். தட்டின் விளிம்பில் மூன்று இடத்தில் வெட்டு விட்டு, மேற்பரப்பை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சாய்வாக்கினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். கால் சுற்றுத் திருப்பினால் கழலும் பூட்டு போதும். கழற்றக் கருவி கேட்டால் யாரும் கழற்ற மாட்டார்கள்.

பேட்டரிக்கு வருவோம். அவ்வப்போது சமிக்ஞை அனுப்பிவிட்டு மற்ற நேரம் உறங்கும் புளூடூத் சிப், சராசரியாக 20 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 0.48 மில்லி ஆம்பியர் மணி. 10 மில்லி ஆம்பியர் இழுக்கும் நினைவூட்டல் விளக்கு, தினம் பத்து முறை ஐந்தைந்து விநாடி எரிந்தால் 0.14. எடை பார்ப்பதற்கு ஆவது சொற்பம். மொத்தம் 0.62 என்று வைத்தால், 220 மில்லி ஆம்பியர் மணி கொண்ட சி.ஆர்.2032 பட்டன் செல்லே ஒரு வருஷம் வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, கண்ணுக்குத் தெரிந்து எரியும் விளக்கைவிடக் கண்ணுக்குத் தெரியாத ரேடியோ மூன்று மடங்குக்கும் மேல் தின்கிறது என்பது. போன் பக்கத்தில் இருக்கிறதா என்று நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. அளவுகளைத் தட்டு தன்னிடமே எழுதிவைத்துக்கொண்டு, பாட்டிலைத் தூக்கும்போது மட்டும் சில விநாடி ரேடியோவை எழுப்பினால் செலவு பாதிக்கும் கீழே போய்விடும். வன்பொருளில் எதையும் மாற்றாமல் மென்பொருளில் எடுக்கும் ஒரே முடிவு, பேட்டரியின் ஆயுளை இரட்டிப்பாக்குகிறது.

பட்டன் செல்லா, ட்ரிபிள் ஏ செல்லா என்பதில் என் ஓட்டு ட்ரிபிள் ஏவுக்கு. தட்டு கொஞ்சம் தடிக்கும். பட்டன் செல் 3.2 மில்லிமீட்டர் உயரம், ட்ரிபிள் ஏ 10.5 மில்லிமீட்டர் குறுக்களவு. எடையும் இருபது கிராம் போலக் கூடும். பதிலுக்கு, நூற்றுக்கணக்கான முறை ஏற்றக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு செல்களைப் போடலாம். லித்தியம் இல்லை, சார்ஜ் துளை இல்லை, அதனால் தண்ணீர் புகும் வழி ஒன்று குறைகிறது. இரண்டு செல் போட்டால் மேலே போட்ட கணக்கின்படி வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றினாலே போதுமாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரிக்கத் தொடங்கிவிடும். அமெரிக்காவில் இதற்காகவே 2022-இல் தனிச் சட்டம் வந்தது. வீட்டில் எல்லார் கையிலும் புழங்கும் பாட்டிலில், ஏழு மில்லிமீட்டர் மிச்சம் பிடிக்க அந்த ஆபத்தை வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

உடம்பு எதில்

அடித்தட்டு என்று முடிவானதும் இது எளிதாகிவிடுகிறது, ஏனென்றால் மின்னணுவுக்காக எந்தப் பொருளையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. தண்ணீர் மட்டும் குடிப்பதற்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒற்றைச் சுவர். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல் இருக்கும் இது உருக்கி உருக்கித் திரும்பப் பயன்படும், உள்பூச்சு தேவையில்லை. தயாரிப்பில் பாதிப்பு அதிகம்தான். நீண்ட ஆயுள்தான் அதை ஈடுகட்டுகிறது.

இரட்டைச் சுவர் வெற்றிட பாட்டில் வேண்டுமா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும். ஜேம்ஸ் டூவர் 1892-இல் ஆய்வகத்துக்காகச் செய்த குடுவையின் தத்துவம்தான் இது. சுவர்களுக்கு நடுவே காற்றே இல்லாததால் வெப்பம் கடத்தப்படாது. ஆனால் ஸ்டீல் ஏறக்குறைய இரட்டிப்பாகும், எடை கூடும். சில பாட்டில்களில் வெற்றிடத்தை அடைக்க அடியில் ஈயம் கலந்த சிறு அடைப்பு வைக்கிறார்கள் என்பது 2024-இல் பெரிய பேச்சானது. அதன் மேலுள்ள மூடுதகடு பெயராதவரை அது வெளியே வராது. ஆனால் நம் தட்டு மாட்டிக் கழன்று உரசப்போவதும் அதே அடிப்பாகத்தில்தான். அதனால் வெற்றிட பாட்டிலோடு தட்டைச் சேர்ப்பதானால், ஈயமில்லாத அடைப்பு என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்காமல் நகரக் கூடாது.

அலுமினியம் லேசானது, மறுசுழற்சியில் 95 சதவீத ஆற்றல் மிச்சமாகும். உள்பூச்சு இல்லாமல் அதில் தண்ணீர் வைக்க முடியாது என்பதுதான் இடைஞ்சல், பூச்சு உரிந்தால் பாட்டிலும் முடிந்தது. போரோசிலிகேட் கண்ணாடி சூடு தாங்கும், சுவை மாறாது. படுக்கையருகே வைப்பவருக்கு நல்லது. சாதாரண பாட்டில் கண்ணாடியோடு அதைச் சேர்த்து உருக்க முடியாது என்பதை மட்டும் அடியிலேயே அச்சிட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் பாலிப்ரொப்பிலீன் எளியது, லேசானது. உடம்புக்குக் கெடுதல் என்று அஞ்சப்படும் பிஸ்பீனால் ஏ என்ற வேதிப்பொருள் இல்லாதது. கையில் வலு குறைந்த முதியவருக்கு ஸ்டீலைவிட அதுதான் சரி. தூக்க முடியாத பாட்டில் எவ்வளவு நாள் உழைத்தால் என்ன?

எதில் செய்தாலும் மூடியின் ரப்பர் வளையத்தைத் தனியாக விற்க வேண்டும். ஒழுகும் பாட்டிலை யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருப்பதில்லை.

போனும் சர்வரும்

கடைசியாக, பேட்டரிக்கு முன்னாலேயே சாதனத்தைக் கொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டுச் சாதனங்களைப் போனிலிருந்து இயக்க உதவும் ரிவால்வ் என்ற கருவியைச் செய்த நிறுவனத்தை நெஸ்ட் நிறுவனம் 2014-இல் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சேவையை நிறுத்தியதும், ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த கருவிகள் அன்றே பயனற்றுப் போயின. தண்ணீர் பாட்டில் தயாரிக்கும் சின்ன நிறுவனம் பத்து வருஷம் சர்வர் நடத்தும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. அதனால் கணக்குத் தொடங்கினால்தான் வேலை செய்யும் என்ற ஏற்பாட்டையே தவிர்க்க வேண்டும். இன்றைய இலக்கில் எவ்வளவு ஆயிற்று என்பதைத் தட்டின் விளக்கே காட்ட வேண்டும். போன் இல்லாமலும் பாட்டில் முழுதாக இயங்க வேண்டும்.

அடித்தட்டுக்கு இதில் எதிர்பாராத ஒரு வசதியும் உண்டு. அடிப்படையில் அது ஓர் எடை இயந்திரம். எடை இயந்திரங்கள் போனோடு எப்படிப் பேச வேண்டும் என்பதற்குப் புளூடூத் அமைப்பு 2014-இலேயே பொதுத் தரநிலை வகுத்துவிட்டது. அதில் எடை 5 கிராம் துல்லியத்தில் போகும். தண்ணீரில் அது 5 மில்லி, ஒரு மிடறைவிடக் குறைவு. தனி மொழி ஒன்றை உருவாக்கிப் பூட்டிவைப்பதற்குப் பதில் இதையே எடுத்துக்கொண்டால், நிறுவனத்தின் ஆப் நின்றுபோனாலும் அந்தத் தரநிலையைப் படிக்கத் தெரிந்த வேறெந்த ஆப்பாலும் தட்டைப் படிக்க முடியும்.